ஊருக்கு வெளியே நின்ற ரயில்: சாக்கை நிலையத்தின் கதை

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தமிழர் யாரைக் கேட்டாலும், ரயில் நிலையம் என்றால் தம்பானூர் என்றுதான் சொல்வார். ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பதும் அங்கேதான். தீபாவளிக்கு முதல் நாள் பெட்டியும் பையுமாக இடிபடுவதும் அங்கேதான். எதிரே பஸ் நிலையம், சற்று நடந்தால் சாலைக் கடைத்தெரு, கிழக்கே கோட்டை. ஊரின் நடுவில் இவ்வளவு வசதியாக நிலையம் அமைந்திருப்பதை நாம் பெரிதாக நினைப்பதில்லை.

ஆனால் இந்த நகரத்துக்கு முதன்முதலில் வந்த ரயில் தம்பானூருக்கு வரவில்லை. நாலைந்து கிலோமீட்டருக்கு முன்பே, சாக்கையில் நின்றுவிட்டது. 1918 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து 1931 நவம்பர் 4-ந் தேதி வரை, 13 ஆண்டு 10 மாதம், திருவிதாங்கூர் தலைநகரின் ரயில் நிலையம் சாக்கைதான். சென்னையிலிருந்தும், மதுரையிலிருந்தும், நெல்லையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த அந்தக் காலத்துத் தமிழர்கள் இந்த மண்ணில் முதலில் கால் வைத்த இடம் அது.

இன்று சாக்கை என்றால் பைபாஸ் சாலையும் விமான நிலையமும்தான் நினைவுக்கு வரும். கொல்லத்திலிருந்து வரும் ரயில், கொச்சுவேலியை விட்டால் அடுத்து பேட்டை, அதன்பின் தம்பானூர். இடையில் சாக்கை வருவதையே பலர் கவனிப்பதில்லை. அந்த நிலையம் ஏன் அங்கே வந்தது, ஏன் போயிற்று என்பது சுவையான கதை. அந்தக் கதையில் இன்றைய பயணிக்கும் ஒரு சேதி இருக்கிறது.

ரயிலுக்கு முன்னே வள்ளம்

திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876-ல். அதன்பின் ஏறக்குறைய 30 ஆண்டுகள், திருவனந்தபுரத்தில் இருந்த தமிழருக்கு நெல்லைதான் பக்கத்து ரயில் நிலையம்! பக்கம் என்றால் எவ்வளவு? நெய்யாற்றின்கரை, தக்கலை, நாகர்கோவில், ஆரல்வாய்மொழி என்று சுமார் 150 கிலோமீட்டர். அத்தனை தூரமும் மாட்டு வண்டிப் பயணம். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்ட 1891-ல் இதுதான் நிலை. அவர் 1897-ல் காலமானார். தாம் வாழ்ந்த ஊருக்கு ரயில் வந்ததை அவர் பார்க்கவில்லை.

தெற்கே மாட்டு வண்டி என்றால் வடக்கே வள்ளம். 1815 முதல் 1829 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி கௌரி பார்வதி பாயியின் காலத்தில், திருவனந்தபுரத்தை வடக்கே கடினங்குளம் காயலோடு இணைக்க ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதன் பெயர் பார்வதி புத்தனாறு. புத்தனாறு என்றால் புதிய ஆறு. தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. பின்னர் வர்க்கலைக் குன்றைக் குடைந்து, வள்ளம் போகும் அளவுக்குச் சுரங்க வழி அமைத்தார்கள். 1880-ல் அந்த வேலை முடிந்ததும், திருவனந்தபுரத்தில் வள்ளம் ஏறினால் கொல்லம், ஆலப்புழை, கொச்சி என்று காயல் வழியாகவே போய்விடலாம் என்ற நிலை வந்தது.

இந்தக் கால்வாயின் நகரத்துப் பக்கத்துத் துறைகள்தான் வள்ளக்கடவும் சாக்கையும். வள்ளம் அடையும் கடவு, வள்ளக்கடவு. கொப்பரை, கயிறு, நெல், மரம், மிளகு எல்லாம் வள்ளத்தில் வந்து இறங்கும். அங்கிருந்து வண்டியேறி சாலைக்குப் போகும். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெரு, தென் கேரளத்தின் பெரிய சந்தையாக வளர்ந்ததற்கு இந்த நீர்வழியும் ஒரு காரணம். அந்தச் சாலையில் தமிழ் வணிகர்களின் பங்கு எவ்வளவு என்பதை இன்றும் கடைப் பலகைகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

மலையைக் கடந்து வந்த பாதை

கொல்லத்துக்கு ரயில் வந்தது வடக்கிலிருந்து அல்ல. கிழக்கிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்துதான் வந்தது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி நெல்லையிலிருந்து கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி வழியாக 1903-ல் செங்கோட்டைக்குத் தண்டவாளம் போட்டது. அதற்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. சுரங்கங்கள் குடைந்து, பள்ளத்தாக்குகளில் கல்பாலங்கள் கட்டி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகப் பாதையைக் கொல்லத்துக்கு இறக்கினார்கள். அந்த வழியில் போனவர்கள் கழுத்துருட்டி அருகே உள்ள 13 கண் பாலத்தை மறந்திருக்க மாட்டார்கள். கொல்லம் - புனலூர் பகுதியில் 1904 ஜூனிலும், மலைப் பகுதியில் அதே ஆண்டு நவம்பரிலும் பயணி ரயில் ஓடத் தொடங்கியது. எல்லாம் மீட்டர் கேஜ்.

அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தெற்குத் தாலுகாக்களைப் போல அதுவும் தமிழ் பேசும் தாலுகா. மலையைக் கடந்து மகாராஜாவின் நாட்டுக்குள் ரயில் நுழைந்ததே ஒரு தமிழ் ஊர் வழியாகத்தான்.

ஆனால் தலைநகரத்துக்கு ரயில் வரவில்லை. கொல்லத்தோடு நின்றது. 1904-க்குப் பிறகு திருவனந்தபுரத்துக்காரர் சென்னை போக வேண்டுமென்றால் மாட்டு வண்டியில் நெல்லைக்குப் போக வேண்டியதில்லை. வள்ளம் ஏறிக் கொல்லம் போய், அங்கே ரயில் ஏறலாம். 14 ஆண்டு காலம் தலைநகரின் ரயில் பயணம் ஒரு படகுத்துறையில்தான் தொடங்கியது!

ஏன் சாக்கை?

ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் காலத்தில் கொல்லத்திலிருந்து பாதையை நீட்டும் வேலை நடந்தது. பரவூர், வர்க்கலை, கடைக்காவூர், சிறையின்கீழ், முருக்கும்புழை, கழக்கூட்டம் வழியாக சுமார் 65 கிலோமீட்டர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே வேலை முடிந்து, 1918 புத்தாண்டு நாளில் பாதை திறக்கப்பட்டது.

வரைபடத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். ரயில் பாதை பெரும்பாலும் கால்வாயும் காயலும் போகும் கடலோர வழியிலேயே வருகிறது. அப்படி வந்தால் நகரத்தின் எல்லையில் முதலில் எதிர்ப்படுவது சாக்கைத் துறை. வள்ளத்தில் வரும் சரக்கும் அங்கே, ரயிலில் வரும் சரக்கும் அங்கே. வண்டிக்காரர்கள், சுமை தூக்குவோர், கிட்டங்கிகள் எல்லாம் ஏற்கெனவே துறையை ஒட்டிப் பிழைத்தவர்கள். சரக்குக் கணக்கில் பார்த்தால் சாக்கை பொருத்தமான இடம்தான்.

பயணியின் கணக்கு வேறு. கடலோரத்துச் சமவெளியில் சாக்கை இருந்தது. கோட்டையும், கோவிலும், கச்சேரியும், கடைத்தெருவும், கல்லூரியும் அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தன. அந்தக் காலத்துக் கணக்கில் ஏறக்குறைய மூன்று மைல்.

கடைசி மூன்று மைல்

சென்னையில் ரயில் ஏறிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். விழுப்புரம், திருச்சி, மதுரை, மணியாச்சி, நெல்லை, தென்காசி, செங்கோட்டை, கொல்லம் என்று தமிழ்நாட்டின் நீளத்தையும் மலையின் உயரத்தையும் கடந்து வருகிறார். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு நேர்ப்பாதை 1927-ல்தான் திறந்தது. அதுவரை நெல்லையைச் சுற்றித்தான் வர வேண்டும். கரிப்புகை படிந்த சட்டையோடு, பெண்டு பிள்ளைகளோடு சாக்கையில் இறங்குகிறார். டிக்கெட்டில் உள்ள ஊர் வந்துவிட்டது. ஆனால் போக வேண்டிய இடம் வரவில்லை.

இனி மாட்டு வண்டிக்காரரோடு பேரம். மழை நாளென்றால் வண்டிக் கூலி ஏறும். கையில் காசில்லாதவருக்கு நடைதான். அத்தனை நீண்ட ரயில் பயணத்தைவிட இந்த மூன்று மைல்தான் அலுப்பு என்று தோன்றினால் வியப்பில்லை. ரயிலில் போய்வரும் எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான். வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பது அட்டவணையில் இருக்கும். வீட்டு வாசலை எத்தனை மணிக்கு மிதித்தோம் என்பது எந்த அட்டவணையிலும் இருக்காது.

கடைசி நிலையம் என்பது ரயில்வேக்காரருக்கும் தனி வேலை. வழியில் உள்ள நிலையத்தில் வண்டி நின்று போய்விடும். கடைசி நிலையத்தில் அப்படியல்ல. நீராவி எஞ்சினைக் கழற்ற வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும், தண்ணீரும் கரியும் நிரப்ப வேண்டும், எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டும். பெட்டிகளைக் கழுவ வேண்டும். கார்டும் டிரைவரும் ஓய்வெடுக்க இடம் வேண்டும். பார்சல், தபால், கூட்ஸ் எல்லாம் அங்கேதான் தேங்கும். ஒரு கடைசி நிலையத்தைச் சுற்றி ஒரு சின்ன ஊரே பிழைக்கும்.

அந்த நிலையை சாக்கையிலிருந்து எடுத்தது 1931.

இரண்டு நாளில் இரண்டு மாற்றம்

ராணி சேது லட்சுமி பாயி ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில், பாதையைச் சாக்கையிலிருந்து ஊருக்குள் நீட்டினார்கள். தம்பானூர் அப்போது தாழ்வான சதுப்பு நிலம், வயல்வெளி. அங்கே மண்ணை நிரப்பி, கருங்கல்லில் ஓர் அழகிய நிலையம் கட்டினார்கள். அந்தக் கல் கட்டிடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 1931 நவம்பர் 4-ந் தேதி ரயில் தம்பானூருக்கு வந்தது. அடுத்த இரண்டாம் நாள், நவம்பர் 6-ந் தேதி, இளம் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அரசும் மாறியது, ரயில் நிலையமும் மாறியது.

பயணிகளுக்குக் கொண்டாட்டம். சாக்கைக்கு? கடைசி நிலையம் என்ற அந்தஸ்து போனால் எஞ்சின் வேலை போகும், பார்சல் போகும், தபால் போகும், வண்டிப்பேட்டை போகும். ரயில் நின்று போகாத இடமாகிவிட்டால் டீக்கடைகூட நிலைக்காது. பத்து, பதினைந்து ஆண்டுகளாக நிலையத்தை நம்பி இருந்தவர்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. புது நிலையம் திறக்கும்போது மாலையும் மேளமும் உண்டு. பழைய நிலையத்தை மூடும்போது அவை இரண்டும் இருப்பதில்லை.

சாக்கையின் இன்னொரு காலும் ஒடிந்தது. ரயிலோடு லாரியும் பஸ்ஸும் வந்தன. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு பஸ் சேவையைத் தொடங்கியபோது, திருவனந்தபுரம் - நாகர்கோவில் தடத்தில்தான் முதலில் பஸ் ஓடியது. சரக்கு மெல்ல மெல்ல சாலைக்கு மாறியது. கால்வாயில் வள்ளங்கள் குறைந்தன. கால்வாயும் ரயிலும் சந்தித்ததால் பிறந்த நிலையம் சாக்கை. ரயில் ஊருக்குள் போயிற்று, கால்வாய் ஓய்ந்துபோயிற்று. பார்வதி புத்தனாறு பின்னாளில் ஆகாயத் தாமரையும் கழிவும் அடைத்த ஓடையாகிப்போனதை இங்கே இருப்பவர்கள் அறிவார்கள். கோவளத்திலிருந்து பேக்கல் வரை நீர்வழியை மீட்கும் கேரள அரசின் திட்டத்தில் இந்தக் கால்வாயும் சேர்ந்திருக்கிறது.

சுற்றி வந்த ஆண்டுகள்

தம்பானூருக்கு ரயில் வந்த பின்னும் தெற்கே போகும் தமிழருக்கு ஒரு குறை இருந்தது. பாதை தம்பானூரோடு முடிந்தது. நாகர்கோவில் 71 கிலோமீட்டர்தான். ஆனால் ரயில் கிடையாது. நெல்லைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் வடக்கே கொல்லம் போய், கிழக்கே திரும்பி, செங்கோட்டை, தென்காசி என்று சுமார் 240 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நேர்வழி 145 கிலோமீட்டர்தான்!

1951 ஏப்ரலில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பாதைகள் தென்னக ரயில்வேயில் சேர்ந்தன. 1956 நவம்பர் 1-ந் தேதி மாநில எல்லைகள் மாறின. நான்கு தெற்குத் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லை மாறியும் பாதை மாறவில்லை. குமரி மாவட்டத்துக்காரர் திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில்தான் வந்தார்.

1976 செப்டம்பரில் எர்ணாகுளத்திலிருந்து கொல்லம் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு அகலப்பாதை வந்தது. வடக்கே போக வசதி பெருகியது. ஆனால் செங்கோட்டைப் பாதை மீட்டர் கேஜாகவே இருந்ததால், அந்த வழியில் வருபவர் கொல்லத்தில் இறங்கி மாறி ஏற வேண்டியதாயிற்று. 1918-ல் சாக்கைக்கு நேராக வந்த தமிழ்நாட்டு ரயில், 58 ஆண்டுக்குப் பின் மறுபடி கொல்லத்தோடு நின்றது.

1979 ஏப்ரலில் நாகர்கோவில், கன்னியாகுமரி பாதை திறந்தபோதுதான் தம்பானூர் கடைசி நிலையம் என்பது மாறி, வழி நிலையமாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி திருவனந்தபுரம் கோட்டம் உருவாயிற்று. 1981 ஏப்ரலில் நாகர்கோவில் - திருநெல்வேலி இணைப்பும் முடிந்தது. மாட்டு வண்டியில் 150 கிலோமீட்டர் போன அதே ஆரல்வாய்மொழி வழியில் ரயில் ஓடத் தொடங்கியது. 1876-ல் நெல்லைக்கு வந்த ரயில், நேர்வழியில் திருவனந்தபுரம் வந்துசேர 105 ஆண்டு ஆயிற்று! செங்கோட்டை மலைப்பாதையும் அகலமாக்கப்பட்டு 2018-ல் முழுமையாகத் திறந்தது.

மறுபடியும் ஊருக்கு வெளியே

இப்போது தம்பானூருக்கு வருவோம். வயலை நிரப்பிக் கட்டிய நிலையத்தைச் சுற்றி நகரம் நெருக்கமாக வளர்ந்துவிட்டது. புதிய பிளாட்பாரம் போட இடமில்லை. பெருமழை பெய்தால் தம்பானூரில் தண்ணீர் தேங்கும். ரயில்வே யார்டுக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. 2024 ஜூலையில் அந்தத் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார். நாம் பெட்டியோடு நடக்கும் பிளாட்பாரத்துக்குக் கீழே இப்படி ஓர் ஓடை போவது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இட நெருக்கடியால் பல ரயில்கள் கொச்சுவேலியிலிருந்து புறப்படுகின்றன. 2024-ல் கொச்சுவேலிக்குத் திருவனந்தபுரம் வடக்கு என்றும், நேமத்துக்குத் திருவனந்தபுரம் தெற்கு என்றும் பெயர் மாற்றினார்கள். கொச்சுவேலி எங்கே இருக்கிறது? சாக்கைக்குச் சற்று வடக்கே! ஊருக்குள் வந்த ரயில், இடமில்லாமல் மறுபடி பழைய பக்கத்துக்கே போகிறது.

விமானமும் அப்படித்தான். 1935 நவம்பர் 1-ந் தேதி டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. 2011-ல் திறந்த புதிய சர்வதேச முனையம் பார்வதி புத்தனாற்றை ஒட்டி, சாக்கைப் பக்கத்தில் அமைந்தது. வளைகுடாவுக்குப் போகும் நம் ஆட்கள் இன்று பெட்டியோடு இறங்குவது அங்கேதான். முதலில் வள்ளம், பிறகு ரயில், இப்போது விமானம். ஊருக்கு வருபவரும் போகிறவரும் கடக்கும் வாசல் மறுபடி சாக்கைக்கே வந்திருக்கிறது.

ஆகவே சாக்கையின் கதை பழங்கதை மட்டுமல்ல. டிக்கெட்டில் "திருவனந்தபுரம்" என்று பார்த்ததும் தம்பானூருக்கு ஓடக் கூடாது. சென்ட்ரலா, வடக்கா, தெற்கா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் வடக்கு நிலையத்தில் இறங்கும் கூலித் தொழிலாளிக்கு, தம்பானூருக்கும் சாலைக்கும் போக பஸ் இல்லையென்றால், 1918-ல் சாக்கையில் வண்டிக்காரரோடு பேரம் பேசியவரின் நிலைதான் அவருக்கும். அன்று அந்தக் கடைசி மூன்று மைலைத் தீர்க்க 13 ஆண்டு 10 மாதம் ஆயிற்று. இன்று தண்டவாளம் போட வேண்டியதில்லை. ரயில் வரும் நேரத்துக்கு, அதுவும் இரவு வண்டிகளுக்கு, வடக்கு நிலைய வாசலில் பஸ் வந்து நின்றால் போதும். ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் கூடிப் பேசினால் முடியக்கூடிய காரியம்.

அதோடு இன்னொன்றும் செய்யலாம். "1-1-1918 முதல் 4-11-1931 வரை இது திருவனந்தபுரம் ரயில் நிலையம்" என்று மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு கல், சாக்கையில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கட்டும். அதிகச் செலவில்லை. தாத்தா எந்த இடத்தில் இறங்கினார் என்று பேரன் கேட்டால் காட்டுவதற்கு உதவும்.